ஹரோவில் நாங்கள் பார்த்த இடங்கள்

ஒவ்வொரு கோடையிலும் எங்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கூட்டிப்போன என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டார். உங்களுக்கு எழுதுவது தெரிந்தால் அழுவார். அதனால் போர்வைக்குள் ஒளித்து எழுதுகிறேன். நாளை ஆங்கில வகுப்பில் எனக்கு ரெஃபெராட். எல்லோர் முன்னும் நின்று பேச வேண்டும். நீங்கள் இறந்துபோன பிறகு வகுப்பில் என் குரலே வருவதில்லை. போன தடவை எழுந்து நின்றேன், ஒரு வசனமும் வரவில்லை, வெளியே ஓடிவிட்டேன். நாளையும் பேசாவிட்டால் ஆங்கிலத்தில் ஃபெயில். பயமாக இருக்கிறது, அப்பா.

இங்கிலாந்தின் ஒரு புறநகரும் அங்கே பார்க்க வேண்டிய இடங்களும். இதுதான் தலைப்பு. ஜேர்மனியில் இந்த ஹனோவரிலிருந்து எத்தனை தரம் லண்டன் பக்கத்து ஹரோவுக்குப் போயிருக்கிறோம் என்ற துணிவில் அதையே எடுத்தேன். பிறகுதான் யோசித்தேன். அங்கே நாங்கள் எதைப் பார்த்தோம்?

காலையில் மாமி வீடு. மத்தியானம் சித்தப்பா வீடு. இரவு உங்கள் சிநேகிதர் வீடு. எங்கே போனாலும் புட்டும் கோழிக்கறியும். "ஒரு வீட்டை விட்டாலும் சாகுமட்டும் சொல்லிக் காட்டுவினம்" என்பீர்கள். மலை மேல் கூர்க்கோபுரத்தோடு ஒரு தேவாலயம் தெரியும். காரில் கடக்கும்போதெல்லாம், "வாற முறை ஏறிப் பாப்பம்" என்பீர்கள். அந்த வாற முறை எங்கே, அப்பா?

அம்மாவிடம் கேட்டேன். "அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லட்டோ?"

"விசரே உனக்கு? மாமியின்ர குளியலறையையும் சேர்த்துச் சொல்லன்! சிரிப்பினம் பிள்ளை. இன்டர்நெட்டில கிடக்கிறதை எழுது."

எழுதினேன். தேவாலயம், பழைய பள்ளிக்கூடம், விளையாட்டரங்கம் எல்லாம் பாடமாக்கினேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் இரண்டாம் வசனத்தோடு குரல் நின்றுவிட்டது. நான் உள்ளே போகாத இடங்கள்தானே அவை?

பிறகு சும்மா மாமி வீட்டைச் சொல்லிப் பார்த்தேன். சப்பாத்துக் கழற்ற முதலே தேத்தண்ணீர் வருவதை, போக எழும்பினால் "இருங்கோ, இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை" என்று கதவை மறிப்பதை, காருக்குள் நீங்கள் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு அடுத்த வீட்டுக்கு விடுவதை. ஆங்கிலத்தில்தான் சொன்னேன், அப்பா. குரல் நிற்கவேயில்லை.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். ஹரோவில் பார்க்க வேண்டிய இடங்கள் அந்த வீடுகள்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆசிரியை புள்ளியைக் குறைத்தாலும் குறைக்கட்டும். உங்கள் பெயர் வரும் இடத்தில் அழுகை வந்தால், அழுதுகொண்டே அடுத்த வசனத்தைச் சொல்வேன். கடைசி வசனம் முடியும் வரை வெளியே போக மாட்டேன். இது சத்தியம்.

நாளைக்குப் பேசப்போகிற,
உங்கள் மூத்த மகள்