மச்சான்தானே எடுத்திருப்பான்

மார்ச் 3, திங்கள்

வானியோட கடைசி ஆட்டம்! மார்ச் 29, பிரிஸ்பேன்! நான் போட்ட கத்தலில் நௌசோரி சந்தையே திரும்பிப் பார்த்திருக்கும். நம்ம ஃபிஜி பெண்கள் ரக்பி அணியில் ஒன்பது வருஷமாக பதிமூன்றாம் நம்பர் சட்டை அவளோடது. போயே ஆகணும். கணக்கில் 1,912 டாலர் இருக்கிறது, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி இரண்டு வருஷமாகச் சேர்த்தது. விமானம், தங்கல் எல்லாம் இதில் அடங்கிவிடும்.

ரசிகர் குழுவில் யாரோ டிக்கெட் முன்பதிவு இணைப்பு போட்டிருந்தார்கள். முதல் ஆளாகப் போய் என் வங்கி அட்டை எண்ணைத் தட்டினேன். சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுவிட்டது. கூட்டம் போல. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 5, புதன்

நாற்பது டாலர் குறைகிறது. அபெனிசாதான். என் மாமா பையன், தீவுக் கப்பலில் வேலை பார்க்கிறான். டேட்டா போட்டுக்கொள்ளட்டும் என்று போன வருஷம் அவன் போனில் என் அட்டையை ஏற்றிக் கொடுத்ததே நான்தான்.

எங்கள் ஊர் வழக்கப்படி மச்சான் எடுத்தால் கேட்கக் கூடாது. கேட்டால் கேட்டவளுக்குத்தான் அசிங்கம். என் புதுச் செருப்பையே மாட்டிக்கொண்டு போனவன் அவன். அவன் மழைக்கோட்டை நானும் திருப்பித் தரவில்லையே.

மார்ச் 7

இன்னொரு நாற்பது.

மார்ச் 10, திங்கள்

இப்போது அறுபது. டேய், கப்பலையே வாங்கப் போறியா?

அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடுடி. என் அண்ணன் பையன் அவன். கணக்குக் கேக்குற வீடா இது?"

மார்ச் 12, புதன்

72 டாலர். எழுபத்திரண்டுதான் இருக்கு. ஒரே நாள்ல ஆயிரத்தெழுநூறு போயிருக்கு — எங்கே? யாரு?

வங்கிக்கு ஓடினேன். அங்கே ரோஷ்னி மேடம் முதலில் அட்டையை முடக்கினார். அந்த முன்பதிவு இணைப்பைக் காட்டினேன். பார்த்ததுமே "போலி இது" என்று உச்சுக்கொட்டினார்.

"மொதல் தடவ போனது அஞ்சாம் தேதி. ஒரு வாரம் என்னம்மா பண்ணீங்க?"

"மச்சான் எடுத்திருப்பான்னு நெனச்சேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "மாசத்துக்கு நாலு பேரு இதையே வந்து சொல்றாங்க."

புகார்ப் படிவம் கொடுத்தார். ஆறாவது கேள்வி: அட்டை விவரத்தை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா? "ஆம்னு எழுதினா பணம் வராமலே போகலாம். பொய் எழுதி மாட்டினா நிச்சயமா வராது."

மார்ச் 13

படிவம் மேசையிலேயே கிடக்கிறது. அம்மா "இல்லன்னு எழுதித் தொலை" என்கிறாள். 'ஆம்' என்றால் யாருக்கு என்று பெயர் எழுதணும். போலீஸ் அவனைத் தேடிப் போனால்? கப்பல் வேலை போய்விட்டால்?

அவன் எடுக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? சீ. ஏன் இப்படியெல்லாம் யோசிக்கிறேன்?

மார்ச் 14, வெள்ளி

கப்பல் வந்தது. துறைமுகத்துக்கே போய்க் கேட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

முதலில் சிரித்தான். "நான் எடுத்தா ஒன் கண்ணு முன்னாடிதான்டி எடுப்பேன். ஒன் மூஞ்சி போற போக்கப் பாக்கத்தானே எடுக்குறதே!"

நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான்.

"என் போன் கடல் தண்ணி குடிச்சிட்டு போன மாசமே ரிப்பேர் கடைக்குப் போயிடுச்சு. இன்னும் அங்கதான் கெடக்கு." பர்ஸிலிருந்து கடைச் சீட்டை எடுத்தான். பிப்ரவரி 27. "ஒரு வாரமா என்னத் திருடன்னு நெனச்சியா?"

"திருடன்னு இல்லடா. மச்சான்னு நெனச்சேன்."

சீட்டைத் திரும்பப் பர்ஸில் திணித்தான். ஆனால் டீசல் நாற்றத்தோடு அப்படியே வங்கிக்கு வந்தான். 'ஆம்' என்று எழுதினேன். அவன் பெயர், அந்த இணைப்பு, எல்லாம். கடைச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தோம்.

மார்ச் 22

"விசாரணையில் உள்ளது." வங்கிச் செயலியை ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்க்கிறேன்.

மார்ச் 29, சனி

டிவியில் பார்த்தேன். வானி இரண்டு ட்ரை, இரண்டு தடவையும் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினாள். தெருவே கத்தியது, நான் அழுதேன். அபெனிசா வரவில்லை. கப்பல் கரையில்தான் நிற்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

1,700 திரும்பி வந்துவிட்டது!!! முதலில் போன 140 வராதாம். "பார்த்தும் தெரிவிக்கவில்லை." சரிதான். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

புது அட்டையும் வந்தது. எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. அபெனிசா கேட்கவும் இல்லை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தே ஒரு மாதத்துக்கு மேலாகிறது. முன்பெல்லாம் சட்டியில் இருக்கும் மரவள்ளிக் கிழங்கை அள்ளிக்கொண்டு போவான். இப்போது பணம் வந்திருக்கிறது, அவன் வரவில்லை. அவன் போன் ரிப்பேராகி வந்துவிட்டதாம், செய்தி மட்டும் அனுப்பினேன். பார்த்திருக்கிறான், பதில் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து வெளியே வந்தால் வாசலில் என் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு தார் ரோட்டில் நின்றுகொண்டு செய்தி அனுப்பினேன்: "மச்சான், நீயா?"

உடனே பதில் வந்தது. "நான்தான். வங்கிக்குப் போயிடாத."

கால் சுட்டது. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.