யாருக்கும் இல்லாத மார்க்

இன்று பழைய பெட்டியைக் கிளறியபோது உன் கட்டம் போட்ட நோட்டு அகப்பட்டது. பக்கம் பக்கமாகப் பென்சில் புள்ளிகள். அத்தனையும் எங்கள் டேனரி மார்க்குகள். அங்கேயே உட்கார்ந்து புரட்டினேனடா, நண்பா. நீ போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, அந்தப் புள்ளிகளுக்கு இன்னும் என்னை உலுக்கத் தெரிகிறது.

ஆம்பூரில் எங்கள் டேனரியில் பல வியாபாரிகளின் தோலைப் பதனிட்டுக் கொடுப்போம். எது யாருடையது என்று தெரிய, வால் ஓரத்தில் ஆளுக்கொரு விதமாகத் துளை போடுவோம். சாயம் ஏறினாலும் துளை அழியாது. தரம் பிரிக்கிற எனக்கு எல்லா மார்க்கும் மனப்பாடம். அந்தத் திமிரில்தான், ஆறு துளை மார்க் போட்ட தோல் கட்டு ஒன்று காணாமல் போனபோது, "கேட் பக்கம் போன தயாளன் தோள்ல அந்தத் தோலைப் பார்த்தேன், என் கண்ணால பார்த்தேன்" என்று மேனேஜரிடம் சொன்னேன். தோல் சுமக்கும் தயாளனை அன்றே வெளியே நிறுத்தினார்கள். திங்கட்கிழமை விசாரணை. என் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி.

ஞாயிறு சர்ச் முடிந்து வேலூர் பாகாயத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். கல்லூரியில் கணக்கு வாத்தியாரான நீ, மூளை எப்படி ஞாபகம் வைக்கிறது என்று டிவியோடு கோத்த சின்னக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்துக்கொண்டிருந்தாய். சோதிக்க என் மார்க்குகளையே அதற்குப் பழக்கியிருந்தாய். சேர்ந்து வரும் புள்ளிகளுக்குள் பிடிப்பு கூடும், பாதியைக் காட்டினால் அவை மீதியை இழுத்து வரும், அவ்வளவுதான் சங்கதி என்றாய். நான் கொண்டுவந்திருந்த கிழிந்த தோல் துண்டில் மிஞ்சிய மூன்று துளைகளை அதற்குக் கொடுத்தோம். திரை கொஞ்சம் தடுமாறி, ஐந்து துளையில் அசையாமல் நின்றது.

"இன்னாடா இது? இந்த மார்க் யாருக்குமே இல்லியே!" என்றேன்.

"நானும் இதக் கத்துக்குடுக்கலடா. ரெண்டு மார்க் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்துச்சு, கலந்து மூணாவதா ஒன்னு செஞ்சிக்கிச்சு. தெரியலன்னு சொல்ல அதுக்கு வராது. பாதி கெடச்சா போதும், மீதிய அதுவே ரொப்பிடும்." சிரித்தபடிதான் சொன்னாய்.

திரையில் நின்ற ஐந்து புள்ளிகளை மறுபடி எண்ணினேன். தயாளன் தோளில் தோல் மடிந்துதானே கிடந்தது? எத்தனை துளை பார்த்தேன்? ஐயோ, இரண்டு! இதைச் சொன்னதும் உன் சிரிப்பு நின்றது.

"நாளைக்கு இதையே போய்ச் சொல்லு. பேஜாராத்தான் இருக்கும். பரவால்ல, சொல்லு."

சொன்னேன். மேனேஜர் என்னைப் புழுவைப் போலப் பார்த்தார். தயாளனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்தார்கள். நாலாம் நாள் அந்தக் கட்டு, கிடங்கில் வேறொரு வியாபாரியின் லாட்டுக்கு அடியில், முடிச்சுகூட அவிழாமல் கிடைத்தது. ஒரு தோல்கூட வெளியே போகவில்லை. அப்படியானால் அன்று தயாளன் தோளில் நான் பார்த்தது என்ன?

தயாளன் என்னை மன்னித்துவிட்டார். என்னால்தான் முடியவில்லை. ஏன் தெரியுமா? இன்றும் கண்ணை மூடினால் அந்தத் தோல் அவர் தோளில்தான் கிடக்கிறது. ஆறு துளையும் தெளிவாகத் தெரிகின்றன.