ஏழாம் அத்தியாயத்துக் கயிறு

சாயர்புரம்,
6.1.2025

திருமதி செல்வராணி ஜெரால்டு அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. பதின்மூன்று வருடம் தங்கைக்கு ஒரு வரி எழுதாத அண்ணனுக்கு வழக்கம் ஏது? உன் கைப்பேசி எண் என்னிடம் இல்லை. பதிப்பகத்தார் முகவரி மட்டும் கொடுத்தார்கள்.

உன் 'நீரடி நகரம்' நாவலுக்குத் திறனாய்வு எழுதித் தரும்படி ஒரு சிறுவர் இலக்கிய இதழ் கேட்டிருக்கிறது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். நீ என் தங்கை என்று அவர்களுக்குத் தெரியாது. புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இரண்டு முறை வாசித்துவிட்டேன்.

கடலடி நகரத்தில் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு மூச்சு குறையும் என்ற உன் விதி நன்று. மாயக்கதை எழுதுகிற பலர் விதியைப் போட்டுவிட்டு நெருக்கடி வந்ததும் வசதியாக மறந்துவிடுவார்கள். நீ கடைசிவரை மறக்கவில்லை. பன்னிரண்டு வயதுச் சங்கவி அப்பாவைத் தேடி இறங்கும் பகுதியில் அறிவுரையே கிடையாது. அது பெரிய ஆறுதல்.

குறை இரண்டு. முதலாவது ஏழாம் அத்தியாயத்தில். சங்கவியின் அப்பா முத்துக் குளிக்க இறங்குகிறார். அவருடைய கயிற்றை வள்ளத்து முளையில் கட்டிவிடுகிறார்கள். முடிச்சு அவிழ்கிறது. நம் கடற்கரையில் குளியாளின் கயிற்றை முளையிலா கட்டுவார்கள்? அவன் மனைவியின் அண்ணன் தம்பிதான் பிடிப்பான். தங்கை தாலியறுக்கக் கூடாதே என்ற பயத்தில் கண் அசராமல் பிடிப்பான். அந்த மச்சான் வள்ளத்தில் இருந்திருந்தால் கதை ஏழாம் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும். முழு நாவலும் ஒரு தகவல் பிழையின்மேல் நிற்கிறது.

இரண்டாவது கடைசிப் பக்கம். அப்பாவும் மகளும் மேலே வரும்போது 'ஒரு கை' அவர்களைத் தூக்குகிறது. யார் கை? தெளிவில்லை.

கட்டுரையை அனுப்புமுன் நீ ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம்.

இப்படிக்கு,
தா. செந்தூர்வேல்

---

திரேஸ்புரம், தூத்துக்குடி,
11.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

திருமதியாம், அவர்களாம்! ஏதோ ஆபீஸ் கடிதம் என்று பயந்துபோய்ப் பிரித்தேன். உள்ளே உங்கள் கோணல் கையெழுத்து. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். "ஒங்க அண்ணாச்சி சரியான எடத்துல வந்து முட்டிட்டாவளே" என்று சிரித்தார்.

கயிற்றை யார் பிடிப்பார்கள் என்று எனக்கா தெரியாது? குளியாளுக்கு வாக்கப்பட்டவள் நான். இப்போது சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குக் காற்று டியூப் வந்துவிட்டது. அதையும் இந்தத் தெருவில் மச்சான்மார்தான் வள்ளத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். இவருக்கு மச்சான் வரவில்லை. கூலிக்கு ஆள் வைத்தோம். நாலு வருடம் முன்பு ஒரு நாள் அந்த ஆள் செல்போனில் பேசிக்கொண்டிருந்தபோது டியூப் மடங்கிக் காற்று நின்றது. இவர் பதறிப்போய் ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டார். ஆழத்திலிருந்து அப்படிச் சட்டென்று ஏறக்கூடாதாம்; உயிர் தப்பியது, இடது கால் மரத்துப்போனது. இப்போது கரையில் உட்கார்ந்து எஞ்சின் பழுது பார்க்கிறார்.

உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேதக்காரரைக் கட்டிக் கிறிஸ்தவ வீட்டுக்குப் போனவளின் பேச்சை அப்பா இருந்தவரை அந்த வீட்டில் யார் எடுப்பார்கள்? ஆனால் அப்பா போயும் இரண்டு வருடமாயிற்று. அதற்குப் பிறகும் நீங்கள் வராததற்கு அப்பாவைக் காரணம் சொல்ல முடியாது. ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

மகள் பிரின்சிக்குப் பதினொன்று நடக்கிறது. மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்த அன்று கூட நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் மாமா வீட்டு மாலை வந்தது. "எல்லாருக்கும் மாமா வாராவ, நமக்கு மட்டும் ஏம்மா வரல?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் எழுதியதுதான் இந்த நாவல். அது தகவல் பிழை இல்லை அண்ணன். எங்கள் வள்ளத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

இரண்டாம் பதிப்பு வருகிறது. 24ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் யார் கை என்று எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்,
செல்வராணி

---

சாயர்புரம்,
17.1.2025

அன்புள்ள ராணிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில், கல்லூரி வேலையில் நேரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அடுத்ததில், நீயாவது வந்திருக்கலாமே என்று. உன் நகரத்துச் சட்டப்படி எனக்கு இரண்டு மூச்சு போயிருக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா உன்னை வரக்கூடாது என்று சொன்னபோது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், அவர் போன பிறகு எந்த முகத்தோடு வந்து நிற்பது?

இன்னொன்றும் இருக்கிறது. விபத்து எனக்குத் தெரியும். என்னோடு படித்த ஆத்தூர் சொரிமுத்து அன்றைக்கே சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். நீ மாடி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். திரும்பிவிட்டேன். பிழை என்றால் அதுதான் பிழை.

இதழுக்கு, நூலாசிரியர் என் தங்கை, நான் திறனாய்வு செய்வது முறையல்ல என்று எழுதிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தை மாற்றாதே. பெயர் போடும் அளவுக்கு அந்தக் கை இதுவரை ஒன்றும் செய்யவில்லை.

26ஆம் தேதி ஞாயிறு காலை வருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவை. அவர் உள்ளே விடவில்லையென்றால் அதையும் கேட்டுக்கொண்டு போகிறேன்.

அண்ணன்

---

திரேஸ்புரம்,
22.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்ததைப் படித்ததிலிருந்து கோபம் இன்னும் கூடித்தான் இருக்கிறது. அந்த மாடிக்குப் பதினெட்டுப் படி. நாலு நாள் ஏறி இறங்கியவள், எண்ணி வைத்திருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "வரட்டும் ஏளா. மச்சான வாசல்ல நிக்க வச்சா நமக்குத்தான் அசிங்கம்" என்றார். நேற்றே நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்துவிட்டார்.

பிரின்சிதான் ஒன்று கேட்டாள். "மாமா அன்னைக்கி மாதிரி வாசல் வர வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாவன்னா?"

பதிப்பகத்துக்குப் போன் செய்து, கடைசிப் பக்கத்தை வெள்ளிக்கிழமை தர முடியாது, ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செல்வராணி