மரத்துக்கு ஊற்றும் மருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன், அதனால் முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்:

1. அண்ணன் வேலை செய்யும் இடத்தில் உள்ள மருந்தின் பயன்.
2. அதன் ஆபத்து.
3. அவன் கைகளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை என்பது.
4. நீ செய்ய வேண்டியது.

மரக்கிடங்கில் கம்பங்களைத் தொட்டியில் ஊறப்போடுகிறார்களே, அந்த மருந்துக்குப் பென்டாகுளோரோபீனால் என்று பெயர். அதில் ஊறிய மரத்தைக் கரையான் தொடாது, பூஞ்சை பிடிக்காது, மழையிலும் வருஷக்கணக்காக நிற்கும். நல்ல மருந்துதான், மரத்துக்கு. மனிதனுக்கோ அது தோல் வழியாகவே உள்ளே போய்விடுமாம், உடம்பைச் சூடாக்கி வியர்க்க வைத்து ஈரலைக் கெடுக்குமாம், பல நாடுகளில் நிறுத்தியே விட்டார்களாம். படித்ததைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அண்ணன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டை நனைய வியர்க்கிறான், இளைத்துப்போய் இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. டாக்டர் வெறும் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால், "என்னப்பா, கரையானுக்கு வக்கீலா நீங்க? முதலாளி இருபது வருஷமா அங்கதான் இருக்காரு, கல்லு மாதிரி இருக்காரு" என்று சிரிக்கிறான். "அவரு தொட்டிப் பக்கமே வர்றதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அண்ணி அவனைக் கேட்டதும் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

கைகளைப் பற்றி மட்டும் நிம்மதி. போன மாதம் துணிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான், இப்போது வேலை முடியும்வரை கழற்றுவதே இல்லை.

நீ போன் செய்து பேசு, உன் பேச்சை அவன் தட்டமாட்டான். வேறு டாக்டரிடம் போய் மருந்தின் பெயரைச் சொல்லச் சொல். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இதுவரை எழுதியபோது அண்ணி அந்தக் கையுறைகளைத் துவைக்க எடுத்து வந்தாள். அவளைத் தொடவிடாமல் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். உள்பக்கமும் ஈரம், அதே வாடை. துணி மருந்தைக் குடித்து நாள் முழுக்க அவன் தோலோடு ஒட்டவைத்திருக்கிறது. ரப்பரில் கிடைக்குமா என்று கடையில் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முதலில் அதை மாட்ட வேண்டாம் என்று சொல், மறந்துவிடாதே. மூன்றாவதாக நான் எழுதியது தவறு, மகளே. நான் சொல்லி அவன் கேட்டது அந்தக் கையுறை ஒன்றைத்தான்.

உன் அப்பா