பெயர் கேட்காத சிநேகம்

என் செல்லக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. உன் அத்தையை நினைத்தால்தான் மனசு கனக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம் ஊர்ப் பழைய சிறைச்சாலையை நினைவு மண்டபமாக்கி, விடுதலைக்காக உள்ளே கிடந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டப்போவதாக ஓர் அதிகாரி வீடு தேடி வந்தார். கல்யாணத்துக்கு முன் உன் அத்தை, என் அக்கா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததும் ஜெயிலுக்குப் போனதும் உனக்குத் தெரியும், ஏன் போனாள் என்று மட்டும் அவள் வாய் திறந்ததே இல்லை, நாமும் சிடுமூஞ்சி என்று கேலி செய்துகொண்டு கேட்காமலே விட்டுவிட்டோம். அன்றுதான் திறந்தாள். வெள்ளைக்காரப் போலீஸ் பேசுவதெல்லாம் இவள் காதைத் தாண்டித்தான் போகுமாம், யார் வீட்டில் சோதனை என்று தெரிந்தால் சீருடை தைக்க வரும் தையல்காரியிடம் சொல்லிவிடுவாளாம். அளவெடுக்கிற சாக்கில் தோளில் நாடாவை வைத்துக்கொண்டு அந்தப் பெண் காதைக் கொடுப்பாள், மறைந்திருந்தவர்கள் போலீஸ் வருமுன் பின்வாசலால் போய்விடுவார்கள். அடி தாங்காமல் உளறிவிடக் கூடாது என்று அவளுடைய உண்மைப் பெயரை அக்கா கேட்டுக்கொள்ளவே இல்லை, ஊசி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இருவரும் பிடிபட்டபோது ஊசி போலீசுக்குக் கொடுத்ததும் பொய்ப்பெயர்தான், நிஜப் பெயர் வெளியே வந்தால் ஒளிந்திருந்த அவள் அண்ணன்மார் மாட்டிக்கொள்வார்கள்.

இருவரையும் ஒரே அறையில் அடைத்தார்கள். ஊசிக்குக் காய்ச்சல் கண்டது, டாக்டர் வரவில்லை. "என் மடியிலதான்டா தலை வச்சிருந்தா. கடைசியில, 'அக்கா, என் பேரு'ன்னு ஆரம்பிச்சா. கதவுகிட்ட காவக்காரி நின்னுட்டிருந்தா, நான் ஊசி வாயைப் பொத்திட்டேன். கையை எடுக்கிறப்போ பேச்சு நின்னு போச்சு, அப்புறம் உசுரும் போச்சு" என்றாள் அக்கா. அதிகாரி பேனாவை மூடிவிட்டார். பிறகு சிறைப் பதிவில் இருக்கும் பெயரையே வெட்டிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், நல்ல மனுஷன். "அது போலீசை ஏமாத்த வச்ச பேரு. அதையா கல்லுல வெட்டுவீங்க?" என்று அக்கா சீறினாள். ஊசி என்ற பட்டப்பெயரை அரசாங்க விதி ஒத்துக்கொள்ளாதாம். நானும் அக்காவும் தையற்கடைத் தெரு முழுக்க அலைந்தோம், எல்லாம் ரெடிமேட் கடைகளாகிவிட்டன, அவளைத் தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை. அந்த அண்ணன்மார் என்ன ஆனார்களோ, அதுவும் தெரியவில்லை. திரும்பி வரும்போது, "அன்னைக்குக் கேக்காம இருந்தது சரிதான்டா, ஆனா சுதந்திரம் வந்த கையோட தேடியிருக்கணும், ஜெயிலுக்குப் போனவளான்னு மாப்பிள்ளை வீட்ல கேப்பாங்கன்னு வாயை மூடிக்கச் சொன்னாங்க, மூடிக்கிட்டேன்" என்றாள். சொன்னது எங்கள் அப்பாதான்.

போன வாரம் கல்லைத் திறந்தார்கள். மேடையில் ஒருவர், வீரர்களுக்கு வீட்டிலிருந்து துணைநின்ற தாய்மார்களுக்கும் நன்றி என்றார், அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லில் அவள் பெயர் இருக்கிறது, அதன் கீழே அவள் மன்றாடிக் கேட்டு வாங்கிய வெற்று வரி ஒன்று. வெட்டினவன் கணக்குத் தப்பிட்டான் போல என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார். அக்கா திரும்பி, "தப்பலை தம்பி, அங்க ஒருத்தி இருக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு மறக்காமல் போன் செய், ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டிரு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா