மூன்றாவது தடவை வாங்குகிறவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கட்டிய பார்சல்களில் பெரும்பாலானவை அக்கா கட்டியவை. நான் கட்டியதில் ஒன்றின் விலாசத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் பிரித்து நேராக ஒட்டினாள். திட்டினால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். இவள் பேசாமல் ஒட்டுகிறாளே, அதுதான் எரிச்சல்.

போகட்டும். நான் பார்சல் கட்டப் பிறந்தவள் இல்லை. எங்கள் ஆன்லைன் கடையில் எதை வாங்கியவர்கள் மறுபடி மறுபடி வருகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் போகிறேன். சமையலறைச் சாமான்கள் விதவிதமாக வைத்திருக்கிறோம். முன்னறையில் கால் வைக்க இடமில்லை. என் கணவர் நாற்காலியைத் தேடி எடுத்துத்தான் உட்காருகிறார். பாதிச் சாமானைத் தூக்கிவிட்டு, ஆளை இழுத்து வருகிற ஒரே பொருளில் சேமிப்பு மொத்தத்தையும் போட வேண்டும். எது அந்தப் பொருள்? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. என் ஊகம் பெரும்பாலும் தப்பாது.

மார்ச் 5, வியாழன்

தப்பவில்லை! பம்ப் பாட்டில்!

சோப்புத் திரவம் ஊற்றி வைத்து மேலே அமுக்கினால் கையில் விழுமே, அந்தக் கண்ணாடி பாட்டில். நான் தேர்ந்தெடுத்தது. அதை வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதையே மறுபடி ஆர்டர் செய்திருக்கிறார்கள். வேறு எந்தச் சாமானும் கிட்டக்கூட வரவில்லை. எவ்வளவு பணம் வந்தது என்று பார்ப்பது பெட்டிக்கடைப் புத்தி. எத்தனை தடவை வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதனால் விலைப் பக்கமே போகாமல் ஆர்டர்களை மட்டும் எண்ணினேன். இந்த யோசனை எத்தனை கடைக்காரருக்கு வரும்?

அக்கா தேர்ந்தெடுத்த பாத்திரம் துடைக்கும் துணி எங்கோ நடுவில் கிடக்கிறது. பாவம்.

மார்ச் 6, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த பாட்டிலா? ஏண்டி, அதப் பத்தி நான் உங்கிட்ட அப்பவே..."

"நீ எதுவும் சொல்ல வேண்டாம்க்கா. கணக்கு பொய் சொல்லாது."

"அப்ப என் துணி?"

"நிறுத்திடலாம்."

கையில் இருந்த டேப்பை மேஜையில் வைத்தாள். அந்தத் துணிக்காக எத்தனை நெசவுக்காரர்களிடம் அலைந்தாள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் வியாபாரம் வேறு, பாசம் வேறு. அதையும் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 7, சனி

பாட்டில்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கொஞ்ச நஞ்சம் இல்லை. "தைரியசாலிம்மா நீங்க" என்றார். ஆமாம், தைரியசாலிதான்.

மார்ச் 9, திங்கள்

அக்கா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போய் நான் பார்த்ததே இல்லை.

பார்சலை எல்லாம் நானே கட்டினேன். டேப்பின் நுனியைக் கண்டுபிடிக்க நகத்தால் சுரண்டிச் சுரண்டி விரல் எரிகிறது. அவள் நுனியை எப்போதும் மடித்து வைப்பாள்.

மார்ச் 10, செவ்வாய்

பாட்டிலை மூன்று நான்கு தடவை வாங்கியவர்களைக் கூப்பிட்டு நன்றி சொல்லி, ஏன் இவ்வளவு பிடித்தது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே கடைப் பக்கத்தில் போடலாம் என்று நினைத்தேன். முதலில் எடுத்தது வயதான ஓர் அம்மா.

"வணக்கம்மா. எங்க பாட்டில திரும்பத் திரும்ப வாங்கியிருக்கீங்க..."

"நான் எங்கம்மா வாங்கினேன்? நீங்கதான் அனுப்பிக்கிட்டே இருக்கீங்க!"

"புரியலைங்களே?"

"பம்ப் ஒரு வாரத்துல சிக்கிக்குது. உங்க கடையில போன் எடுக்கறவங்க கிட்ட சொன்னா உடனே வேற அனுப்பிடறாங்க. தங்கமான பொண்ணு. ஆனா ஒண்ணு சொல்றேன், இனிமே அனுப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க. வீட்ல வைக்க இடம் இல்ல."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் பேச்சை முடிக்காமலே வைத்துவிட்டார். ஆர்டர் பட்டியலைத் திறந்து முதல் தடவையாக விலையைப் பார்த்தேன்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்டர் போட்டால்தான் நம் மென்பொருள் கூரியர் ஸ்டிக்கரை அச்சிடும். அதனால் பழுதானதற்கு மாற்றுப் பாட்டில் அனுப்பும்போதெல்லாம் அக்கா விலையில் பூஜ்யம் போட்டுப் புது ஆர்டராகவே ஏற்றியிருக்கிறாள். நான் விலைப் பக்கமே போகாத மேதாவி ஆயிற்றே! ஓசியாகப் போன பாட்டிலை எல்லாம் ஆசையாக வாங்கினதா எண்ணி வச்சிருக்கேன். ஐயோ, ஐயோ, முன்பணத்தை வேற தூக்கிக் குடுத்துட்டேனே!

பம்ப் பற்றிப் புகார் வருகிறது என்று அவள் முன்பே சொன்னாள். "நீயே பாத்துக்கோக்கா, எங்கிட்ட கொண்டு வராத" என்றவள் நான்தான். வெள்ளிக்கிழமை மறுபடி சொல்ல வந்தாள். அப்போதும் விட்டேனா?

மார்ச் 11, புதன்

என் கணவரிடம் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அக்கா வீட்டுக்கு எப்ப போற?" என்று மட்டும் கேட்டார். முதலில் கணக்கைச் சரி செய்கிறேன் என்றேன். பயந்துகொண்டு சொன்ன சாக்கு அது.

மார்ச் 12, வியாழன்

பாட்டில்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார். "உங்க பம்ப் சிக்கின வீடுகளோட போன் நம்பரத் தரேன், நீங்களே அவங்ககிட்ட பேசுங்க" என்றேன். இறங்கி வந்தார். பம்ப் வேண்டாம், சாதா மூடி போட்டு, கொடுத்த பணத்துக்கு மட்டும் பாட்டில் தருவார். மீதி ஆர்டர் ரத்து. முழுகவில்லை, நனைந்ததோடு சரி. பேரம் பேசுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

மார்ச் 14, சனி

பூஜ்யங்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எண்ணினேன். இந்த முறை கேள்வியையே மாற்றினேன். ஒருவர் முதலில் வாங்கியது எது, அதன் பிறகு எத்தனை தடவை வந்தார்? இரண்டாவது தடவையை நம்பக் கூடாது. ஏதோ அவசரத்துக்கும் வருவார்கள். மூன்றாவது தடவை காசு கொடுத்து வாங்குகிறார் என்றால் நம்மை நம்புகிறார்.

அப்படி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் வாங்கியது எதைத் தெரியுமா? சிங்க் ஓட்டையில் வைக்கிற எவர்சில்வர் வலை! காய்த்தோலும் டீத்தூளும் போய் அடைக்காமல் பிடிக்குமே, அது. கடையிலேயே மலிவான சாமான். அதற்கு ஒழுங்காக ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அதை யாரும் இரண்டாவது வாங்கவில்லை, தேவையும் இல்லை. ஆனால் திரும்பி வந்து மற்றதை எல்லாம் வாங்குகிறார்கள். அதிலும் அதிகம் வாங்குவது அக்காவின் துணி.

போன் போட்டு விசாரித்தேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு தையல்காரர் சொன்னார்: "சின்ன சாமான்ல ஏமாத்தலையே, பெருசா வாங்கிப் பாப்போம்னு தோணிச்சு."

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பாட்டில், பூஜ்யம், வலை, துணி. "தப்பு எம்மேலதான்க்கா. நீ சொன்னதக் கேக்கல. துணியப் பத்திப் பேசினதுக்கு வெக்கமா இருக்கு. நீ இல்லாம முடியலைக்கா, வந்துடு" என்றேன்.

"கணக்கு பொய் சொல்லாதுன்ன இல்ல? அந்தக் கணக்கையே பார்சல் கட்டச் சொல்லு."

காபி கொடுத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அழுதுகொண்டே வீடு வந்தேன், பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு ஆர்டர். சிங்க் வலை ஒன்று. விலாசம் அக்கா வீடு. முழு விலையும் கட்டியிருக்கிறாள், தள்ளுபடிகூட எடுக்கவில்லை.

விலாசத்தை நேராக ஒட்டினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மார்ச் 20, வெள்ளி

மறுபடி அக்கா! துணி, ஒரு கட்டு. குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கிறாள்: "போன பார்சலில் டேப் கோணல்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் இரண்டாவது தடவையை நம்பக் கூடாது. நானே போட்ட விதி.

மார்ச் 21, சனி

பாட்டில்கள் வந்து இறங்கின. முன்னறையில் இப்போது நாற்காலியே தெரியவில்லை. அக்காவிடமிருந்து ஆர்டர் எதுவும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்றும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்க்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

மூன்றாவது ஆர்டர் வரவில்லை.

காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் டேப் இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரே இழுப்பு, ஒரே வெட்டு. என் கணவருக்கு அப்படி இழுக்க வராது. தலையைக்கூடத் துவட்டாமல் ஓடி வந்தேன்.

அக்கா பெட்டிகளுக்கு நடுவில் நின்று, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "இத்தனை பாட்டிலையும் எங்கடி வைக்கப் போற?"