வாசலில் நிற்கும் இரண்டு பேர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

போன திங்கட்கிழமை காலை, மில்லுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்து வாசலில், வட்டிக்கு விடும் மெதுவாவின் ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். யாரையும் தொடவில்லை, சத்தம் போடவில்லை. மில் லைன் வீட்டில் இருக்கும் உன் தையல் அக்காவின் பையன் உள்ளே போகும்போது, மற்றப் பிள்ளைகள் காதிலும் விழும்படி, "மாமாங்க வந்து நின்னாங்கன்னு அம்மாகிட்ட சொல்லு தம்பி" என்று மட்டும் சொன்னார்களாம். அன்று சாயங்காலமே லைன் வீடுகளில் பல குடும்பங்கள் அவரிடம் வாங்கிய கடன் பாக்கியைக் கட்டிவிட்டன. அந்தப் பையன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

போனிலேயே சொல்லியிருப்பேன். அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மெதுவா என்றால் உன் படிப்புக்கு நாம் கடன் வாங்கிய பைனான்ஸ்காரர்தான். கையெழுத்துப் போட்ட அன்று பார்த்திருக்கிறாய். "அவசரமில்லண்ணே, மெதுவா குடுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மார்க்கெட்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டோம்.

முதலில் நீ கேட்டிருந்த கணக்குக்கு வருகிறேன். அந்த ஆய்வு நிறுவனம் மாதம் இருபத்திரண்டாயிரம் தரும் என்கிறாய். படிப்பு முடிந்ததும் கடனுக்குப் பதினோராயிரம் போகும். மீதியில் ரூம் வாடகை, பஸ், சாப்பாடு. இப்போதைக்கு நிற்பது எட்டு லட்சம். மேலே ஏறுகிற வட்டியையும் சேர்த்தால் எட்டொன்பது வருஷத்துக்கு நீ நல்ல செருப்புகூட வாங்க முடியாது. சைக்கிளில் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போன காலத்திலும் நான் பாதி வருமானத்தைக் கடனுக்குக் கொடுத்ததில்லை. சரக்காகப் பார்த்தால் சமூகவியல் ஓடாத சரக்கு. நீ எடுக்கிறேன் என்ற அன்றே சொன்னேன், என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

மார்க்கெட்டில் என்னைச் சும்மா விடுவார்களா? எதிர்க்கடை பாத்திரக்காரர் தினமும், "என்னப்பா, உன் பொண்ணு படிச்சு முடிச்சா ஊர்ல எத்தன தலைன்னு எண்ணுற வேலையா?" என்பார். போன மாதம் அவர் அதைக் கேட்டபோது மெதுவாவும் நம் கடையில் உட்கார்ந்திருந்தார். என் சரக்கைக் குறை சொன்னால் என் வாய் தாங்காது, உனக்குத் தெரியும். லீவில் நீ லைன் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசியதை ஒருநாள் சாப்பிடும்போது எனக்குச் சொன்னாயே, அதை எடுத்துவிட்டேன். வீட்டு வாசலில் வந்து கத்துகிறவனுக்கு அவர்கள் பயப்படுவதில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவமானம் என்றால் மட்டும் காதில் கிடப்பதைக் கழற்றியாவது கட்டிவிடுவார்கள் என்றாயே, அதைத்தான். "வசூலுக்கே அலையிற ஆளுங்க நீங்க, உங்களுக்குத் தெரியுமா இது?" என்று மெதுவாவிடமே கேட்டேன். பாத்திரக்காரர் சிரித்தார். மெதுவா சிரிக்கவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன்.

பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு உன் தையல் அக்கா கடைக்கு வந்தாள். நம் கடையில் நாற்காலி எடுத்த வகையில் அவள் எனக்குத் தவணை பாக்கி தர வேண்டும். நான் கேட்டதில்லை, அவளும் அவசரப்பட்டதில்லை. அன்று மொத்தத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். எதுக்கும்மா இப்போ என்றேன். "உங்க பொண்ணுகிட்ட மட்டுந்தாண்ணே அதச் சொன்னேன், எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது" என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லி, நான் எண்ணி முடிக்கும்வரை ஒதுங்கி நின்றாள். என்னையும் அந்த வாசலில் நிற்கிற ஆளாகத்தான் பார்க்கிறாள்.

அதற்கு மறுநாள் மெதுவாவே வந்தார். உனக்கு வேலை தருகிறாராம். மாதம் அறுபதாயிரம். மூன்று வருஷம் இருந்தால் கடன் பத்திரத்தையும் கிழித்துப் போட்டுவிடுவாராம். அவர் கடன் கொடுத்திருக்கிற ஊர்களுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதை அவரிடம் வந்து சொல்ல வேண்டும். வேறு வேலை கிடையாது. "பாப்பா முகத்தப் பாத்தா யாரும் எதையும் மறைக்க மாட்டாங்கண்ணே, அதுக்குத்தான் இந்தச் சம்பளம்" என்றார். கணக்கை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல வியாபாரம் நம் வீட்டுப் படி ஏறியதில்லை. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பிறகு, அவளுக்கு இது சரிப்படாது என்றேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "மெதுவா யோசிங்கண்ணே" என்றார். செருப்பை மாட்டும்போது, "பாப்பா ஹாஸ்டல்ல ரெண்டாவது மாடி கடைசி ரூம், ஜன்னல் கொக்கி சரியில்லையே, வார்டன்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். உன் ரூம் எந்த மாடி என்று எனக்கே தெரியாது. ராத்திரி பேச்சுவாக்கில் அம்மாவிடம் கேட்டேன். இரண்டாவது மாடி, கடைசி ரூம் என்றாள்.

கொக்கியை இன்றைக்கே மாற்றச் சொல். நீ எழுதி வைத்திருப்பதில் யார் பெயராவது, வீட்டு எண்ணாவது இருந்தால் எடுத்துவிடு. அந்தப் பெண்கள் சொன்னதை யாரிடமும் சொல்லாதே. இனி சாப்பிடும்போதுகூட என்னிடம் சொல்லாதேம்மா. உன் படிப்புக்கு விலை கிடையாது என்று இத்தனை நாள் கேலி செய்தேன். விலை வந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. நீ அந்த இருபத்திரண்டாயிரத்துக்கே போ. மனிதர்கள் உன்னை நம்பிப் பேசும்படியே எப்போதும் இரு. அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை.

நேற்று மெதுவாவின் ஆபீசுக்குப் போய்ப் பேசி முடித்தேன். நம் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கு, மனையோடு சேர்த்து அவருக்கு. வெளியில் பதினான்கு லட்சம் போகும், எட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். உன் கடன் தீர்ந்தது, கடன் பத்திரம் என் கையில் இருக்கிறது. உன் ஹாஸ்டல் பக்கம் அவருடைய ஆட்கள் வரக் கூடாது என்றேன், ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூட வாசலையும் விட்டுவிடுங்கள், கடையின் முன்பக்கத்தையும் சேர்த்துத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அது இந்தக் கணக்கில் சேராது என்றுவிட்டார்.

உன் அப்பா